சாவிக்கொத்தில் ஓர் எழுதுமேஜை

மகளின் பிரசவத்துக்காகத் தில்லிக்கு ரயில் ஏறும் தாயார் எதை மறந்தாலும் அஞ்சறைப் பெட்டியை மறக்க மாட்டாள். "ஏன், தில்லியில் கடுகு விற்பதில்லையா?" என்று வீட்டுக்காரர் கேலி செய்வார். விற்கிறது, தாராளமாகவே விற்கிறது. ஆனால் பழக்கமில்லாத சமையலறையில் எந்த டப்பாவில் எது என்று திறந்து திறந்து பார்ப்பதற்குள் அடுப்பில் எண்ணெய் புகைந்து போகுமே! கடுகும் வெந்தயமும் இருக்கும் இடம் கைக்குத் தானாகத் தெரிய வேண்டும். அந்தத் தாயாரின் நியாயம் உங்களுக்குப் புரிகிறதல்லவா? அப்படியானால் நான் சொல்ல வந்த விஷயமும் பாதி புரிந்த மாதிரிதான்.

விஷயம், பென் டிரைவ். உங்கள் வீட்டு மேஜை இழுப்பறையில் எப்படியும் இரண்டு மூன்று கிடக்கும். நாத்தனார் கல்யாணப் போட்டோ, பையனின் பள்ளிக்கூடப் பிராஜெக்ட், நலங்குப் பாட்டு என்று சுமை தூக்கும் கூலியாளாகவே அதை நாம் வைத்திருக்கிறோம். சுமப்பதோடு அது வேலையும் செய்யும் என்பது பலருக்குத் தெரியாது. கடிதம் எழுதும் ஸாப்ட்வேர், இணையம் பார்க்கும் பிரௌசர், வரவு செலவுக் கணக்குத் தாள் எல்லாவற்றையும் அதிலேயே வைத்துக்கொண்டு, போன இடத்துக் கம்ப்யூட்டரில் செருகி அங்கிருந்தபடியே ஓட்டலாம். இவற்றுக்குப் 'போர்ட்டபிள்' ஸாப்ட்வேர் என்று பெயர்.

சாதாரண ஸாப்ட்வேர் குடித்தனக்காரரைப் போல. விண்டோஸ் கம்ப்யூட்டரில் குடி புகுந்தால் ஒரு சாமானை முன்னறையிலும் இன்னொன்றைப் பரண்மேலும் வைக்கும். 'ரெஜிஸ்ட்ரி' என்ற பேரேட்டில் தன் விலாசத்தைப் பதிந்துகொள்ளும். குடி வைக்கப் பெரும்பாலும் வீட்டுச் சொந்தக்காரரின் அனுமதியும் வேண்டும். அதாவது கம்ப்யூட்டரின் நிர்வாகி பாஸ்வேர்டு. போர்ட்டபிள் ஸாப்ட்வேரோ தர்ம சத்திரத்தில் ஒரு ராத்திரி தங்கும் யாத்ரீகர். டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துப் பயன்படுத்திவிட்டு, பெட்டிக்குள்ளேயே திரும்ப வைத்துக்கொண்டு புறப்பட்டு விடுவார். உங்கள் அடையாளக் குறிகள், எழுத்தின் அளவு, பாதியில் விட்ட கடிதம் எல்லாம் அந்தப் பென் டிரைவிலேயே ஒரு 'டேட்டா' அறைக்குள் இருக்கும். ஒரு கம்ப்யூட்டர் இதை 'ஈ' டிரைவ் என்று அழைக்கும், இன்னொன்று 'எஃப்' என்று அழைக்கும்; எந்தப் பெயரிட்டு அழைத்தாலும் தன் சாமான்களைக் கண்டுபிடித்துக்கொள்ளும் சாமர்த்தியமும் அதற்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

இதன் பூர்வோத்தரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மின்சாரம் போனாலும் மறக்காத 'ஃப்ளாஷ்' நினைவகத்தை 1980-களில் ஜப்பானின் தோஷிபா கம்பெனியில் கண்டுபிடித்தவர் ஃபுஜியோ மசுவோகா. அதைக் கட்டைவிரல் அளவில் அடக்கி, 2000-ம் ஆண்டில் சிங்கப்பூரின் டிரெக் கம்பெனி விற்பனைக்குக் கொண்டுவந்தது. இஸ்ரேலின் எம்-ஸிஸ்டம்ஸ் தயாரித்ததை ஐ.பி.எம். தன் பெயரில் விற்றது. அதன் கொள்ளளவு 8 மெகாபைட். அதுவே 1.44 மெகாபைட் பிளாப்பிகள் ஐந்துக்கு மேல் கொள்ளும் என்று அப்போது அதிசயப்பட்டார்கள். இன்று கடைக்காரர் அலட்சியமாக எடுத்துப் போடும் 64 கிகாபைட் டிரைவ் அதைப்போல எண்ணாயிரம் மடங்கு! 2004-ல் அமெரிக்காவின் ஜான் ஹாலர் ஃபயர்பாக்ஸ் பிரௌசரைப் பென் டிரைவிலிருந்தே ஓடும்படி அமைத்து வெளியிட்டார். அதிலிருந்து கிளைத்ததுதான் 'போர்ட்டபிள்ஆப்ஸ்' தொகுப்பு. எழுத லிப்ரேஆபீஸ், படம் திருத்த ஜிம்ப், பாட்டுக் கேட்க வி.எல்.ஸி. என்று நூற்றுக்கணக்கில் அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன. இதற்கென்றே தனி ஜாதிப் பென் டிரைவ் செய்து 'யூ3' என்று விற்றுப் பார்த்த கம்பெனிகளும் உண்டு. சில வருஷங்களிலேயே அது கடையைக் கட்டிவிட்டது. சாதாரண டிரைவே போதும் என்றிருக்கும்போது விசேஷ டிரைவை யார் வாங்குவார்கள்?

"இதெல்லாம் ஆபீஸ் போகும் புருஷர்களுக்கல்லவா? எனக்கென்ன?" என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள், அம்மா. உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

என் சிநேகிதி ஒருத்தி பி.ஏ. படித்தவள். கூட்டுக் குடும்பம். வீட்டில் ஒரே ஒரு கம்ப்யூட்டர், அதுவும் கூடத்தின் நட்ட நடுவில். மத்தியானம் எல்லோரும் கண்ணயர்ந்த பிறகு உட்கார்ந்து, வேலைக்கு மனு எழுதும் விதத்தைத் தேடிப் பார்த்திருக்கிறாள். மறுநாள் விடியற்காலையில் மாமனார் வேங்கடேச சுப்ரபாதம் கேட்க உட்கார்ந்து 'வே' என்று தட்டினார். 'வேலைக்கு மனு எழுதுவது எப்படி' என்று கம்ப்யூட்டர் தானாகவே எடுத்து நீட்டியது! அன்று காலைக் காப்பி அந்த வீட்டில் எப்படி இறங்கியிருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். யாரும் அவளைக் கடிந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. "வீட்டில் என்ன குறை?" என்று மட்டும் கேட்டார்களாம். அந்தக் கேள்வி எத்தனை கனம் என்று கேட்கப்பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

பீரோ உண்டு, நகைப் பெட்டி உண்டு, பூஜையறை உண்டு. ஆனால் தனக்கென்று ஒரு மேஜை இழுப்பறை கிடையாது. நம்மில் பலருடைய நிலை அதுதானே? ஒளித்து வைக்கும்படியான காரியம் எதுவுமில்லை. அரைகுறையாக இருப்பதை முழுசாகும்வரை பிறர் பார்க்காமல் இருக்கட்டுமே என்ற ஆசை, அவ்வளவுதான்.

ஒரு பென் டிரைவில் போர்ட்டபிள் ஃபயர்பாக்ஸ், லிப்ரேஆபீஸ், பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்கும் கீபாஸ், இந்த மூன்றையும் போட்டு அவளிடம் கொடுத்தேன். மனுவை அதில் எழுதினாள். பிறந்தகம் போனபோது அண்ணாவின் கம்ப்யூட்டரில் செருகி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். இப்போது வீட்டிலிருந்தபடியே மொழிபெயர்ப்பு செய்து சம்பாதிக்கிறாள். அதற்கு அவள் கெட்டிக்காரத்தனம் காரணமே தவிர பென் டிரைவ் காரணமல்ல. இருந்தாலும், முதல் நாலு பக்கம் எழுத அவளுக்கு ஓர் இடம் கிடைத்தது.

"இப்போதுதான் எல்லாம் கிளவுடில் இருக்கிறதே, செல்போன் இருக்கிறதே!" என்பார்கள் விவரம் தெரிந்தவர்கள். வாஸ்தவம். ஆனால் கிளவுடுக்கு இணையம் வேண்டும். பதினைந்து பக்கத்தைக் கைபேசியில் தட்டினால் விரல் வலிக்கும், கண்ணும் எரியும்.

இதனால் நீங்கள் மாயாவியாகி விடுவீர்கள் என்று நம்பிவிட வேண்டாம். இன்ன டிரைவ் செருகப்பட்டது என்பதை விண்டோஸ் குறித்துக்கொள்ளும். சமீபத்தில் திறந்த கடிதங்களின் பெயரும் அதன் ஜாபிதாவில் தங்கக்கூடும். கணவரும் மாமனாரும் துப்பறியும் நிபுணர்களாக இல்லாதவரை கவலையில்லை! ஆனால் பிரௌசிங் சென்டரில் விசேஷ ஜாக்கிரதை தேவை. நீங்கள் தட்டும் ஒவ்வோர் எழுத்தையும் திருடிக்கொள்ளும் ஸாப்ட்வேர் அந்தக் கம்ப்யூட்டரில் ஒளிந்திருந்தால் உங்கள் போர்ட்டபிள் பிரௌசரால் அதைத் தடுக்க முடியாது. அங்கே உட்கார்ந்து பாங்குக் கணக்கைத் திறக்கவே திறக்காதீர்கள்.

தொற்று வியாதியும் உண்டு. ஊர் சுற்றும் பென் டிரைவ் வைரஸையும் சுற்றிக்கொண்டு வரும். 2010-ல் அம்பலமான 'ஸ்டக்ஸ்நெட்' என்ற பொல்லாத கிருமி, ஈரானின் நதான்ஸ் அணு நிலையத்து இயந்திரங்களைக் கெடுத்தது. வெளியுலக இணைப்பே இல்லாத அந்த இடத்துக்குள் அது பென் டிரைவ் மூலமாகத்தான் புகுந்திருக்க வேண்டும் என்கிறார்கள். பல ஆபீஸ்களில் வெளி டிரைவைச் செருகக் கூடாது என்று சட்டம் வைத்திருப்பதில் அர்த்தமிருக்கிறது; அங்கே வீம்பு பண்ண வேண்டாம். ஸாப்ட்வேரை அதைச் செய்தவர்களின் சொந்தத் தளத்திலிருந்து மட்டுமே எடுங்கள். தெருவில் கிடந்த டிரைவை, அழகாக இருக்கிறதே என்று செருகாதீர்கள்.

மற்றபடி ஆயத்தங்கள் சொற்பம். மலிவான பழைய டிரைவில் பிரௌசர் மாட்டு வண்டியாக நகரும். யுஎஸ்பி 3 வகையாகப் பார்த்து வாங்குங்கள். வேலை முடிந்ததும் ஸாப்ட்வேரை மூடி, 'எஜெக்ட்' கொடுத்து, பிறகு பிடுங்குங்கள். பாதி எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால் சேர்த்து வைத்தது குழம்பிவிடும். தொலைந்து போகலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். கீபாஸ் பெட்டகத்துக்குப் பூட்டு உண்டு, கடிதங்களுக்குக் கிடையாது. லிப்ரேஆபீஸில் கடிதத்தைச் சேமிக்கும்போதே பாஸ்வேர்டு கேட்கும்படி ஒரு குறி வைக்கலாம். முக்கியமானவற்றுக்கு அப்படிச் செய்யுங்கள்.

ஃப்ளாஷ் நினைவகம் சாகாவரம் பெற்றதுமல்ல. எழுதி எழுதித் தேயும். ஆகையால் மாதச் சாமான் வாங்கும் நாளன்று எல்லா அறைகளையும் அப்படியே இன்னொரு டிரைவுக்கு நகல் எடுத்துவிடுங்கள். குடித்தனக்கார ஸாப்ட்வேரானால் இப்படி இழுத்துப் போட்டுத் தூக்க முடியாது. இது யாத்ரீகர் மூட்டையல்லவா, பத்து நிமிஷத்தில் வேலை முடியும்.

என் சிநேகிதி நகல் டிரைவை எங்கே வைத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். அவள் மாமனாரும் நம் பத்திரிகையை வாரம் தவறாமல் படிக்கிறவர்.