கொம்பியூட்டர் ஸ்லோ என்று அன்டிவைரஸைத் தூக்கிய கதை

கொஞ்சம் நீண்ட பதிவு. ஆசிரியர்களும், வீட்டில் ஒரு பழைய கொம்பியூட்டரை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டும் பெற்றோரும் கடைசி வரை வாசியுங்கள். நான் விட்ட பிழையை நீங்களும் விடக்கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுக் கொம்பியூட்டர் 2013 இல் வாங்கியது. 2 ஜீபி ரெம், 500 ஜீபி ஹாட் டிஸ்க். வாங்கும்போது விண்டோஸ் 7 இருந்தது. பிறகு ஒரு கடையில் கொடுத்து விண்டோஸ் 10 போட்டோம். அன்றோடு அதற்கு வயது போய்விட்டது. சுவிட்சைப் போட்டுவிட்டு பிளேன்டீ குடித்து, பத்திரிகையும் பார்த்து முடித்து வந்தாலும் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். பாமினியில் வினாத்தாள் அடித்தால், நான் ஒரு சொல்லை அடித்து முடித்து விரலை எடுத்த பிறகுதான் எழுத்து ஒவ்வொன்றாகத் திரையில் வந்து விழும்.

புதிதாக ஒன்று வாங்கும் நிலையில் நாங்கள் இல்லை. 2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ஐயும் தாண்டியது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். ஆசிரியர் சம்பளத்தில் அரிசி, பால்மாவுக்கே கணக்குப் பார்த்த காலம் அது. ஆகவே இருப்பதைத் திருத்துவோம் என்று மறுபடி கடைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த தம்பி, "சேர், உள்ள வைரஸ் இரிக்கும். இன்னொரு அன்டிவைரஸ் போட்டுத் தாறன்" என்றார். ஏற்கனவே ஒன்று இருந்தது. ஒன்றுக்கு இரண்டு காவல்காரர் இருந்தால் நல்லதுதானே என்று நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் முன்பிருந்ததை விட மோசம். மகள் சொன்னாள்: "வாப்பா, இத ஓன் பண்ணிட்டு ஸ்கூலுக்குப் போய் வந்தா சரியா இரிக்கும்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இரண்டு அன்டிவைரஸையும் அழித்தேன். கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் விண்டோஸோடு வரும் டிஃபென்டர் தானாகவே வேலைக்கு வந்துவிட்டது. அதை நிறுத்தினேன். சிறிது நேரத்தில் அது தானாக மறுபடி இயங்கத் தொடங்கியது. பிறகு ஒரு வீடியோவைப் பார்த்து, அதில் சொன்னபடி எதையெதையோ மாற்றி அதையும் நிரந்தரமாக நிறுத்திவிட்டேன்.

உண்மையைச் சொல்கிறேன், கொம்பியூட்டர் பறந்தது. ஆசிரியர் ஓய்வறையில் நான்கு பேருக்கு இந்த வித்தையைச் சொல்லியும் கொடுத்தேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

மூன்று கிழமை போயிருக்கும். தவணைப் பரீட்சை வினாத்தாளை வெளியில் ஒரு இடத்தில் அச்செடுத்துவிட்டு வந்து, அந்தப் பென் ட்ரைவை வீட்டில் போட்டேன். உள்ளே இருந்த ஃபோல்டர்களின் மூலையில் சின்னதாக ஒரு வளைந்த அம்புக்குறி. அதைப் பெரிதாக எடுக்கவில்லை. கிளிக் செய்தேன், ஃபோல்டர் வழமைபோலத் திறந்தது. எந்தப் பிரச்சினையும் தெரியவில்லை. அதுதான் அந்த வைரஸின் கெட்டித்தனம் என்று பிறகுதான் விளங்கியது. நாம் தொடுவது ஃபோல்டர் அல்ல, ஷோர்ட்கட். அது முதலில் வைரஸை இயக்கிவிட்டு, நமக்குச் சந்தேகம் வராமல் இருக்க உண்மையான ஃபோல்டரையும் திறந்து காட்டும். அதற்குப் பிறகு அந்தக் கொம்பியூட்டரில் எந்தப் பென் ட்ரைவைப் போட்டாலும் அதற்கும் தொற்றிவிடும்.

அந்தக் கிழமை நான் வீட்டில் வைத்து ஏழு மாணவர்களின் பென் ட்ரைவ்களில் புவியியல் குறிப்புகளைப் போட்டுக் கொடுத்தேன்.

அதில் ஒன்று உயர்தரம் படிக்கும் ஒரு மாணவியுடையது. அவள் என்னுடைய மேற்பார்வையில் ஒலுவில் கரையோர அரிப்பைப் பற்றி ஒரு கள ஆய்வு செய்துகொண்டிருந்தாள். நான்கு மாதமாக ஒவ்வொரு கிழமையும் தன் வாப்பாவோடு போய், ஒரு பழைய வாடியின் சுவரிலிருந்து கரை விளிம்பு வரைக்கும் நாடா பிடித்து அளந்து, அதே இடத்தில் நின்று படமும் எடுத்து வந்த பிள்ளை. படங்கள், வரைபுகள், அடித்த அறிக்கை எல்லாம் அந்த ஒரே பென் ட்ரைவில்தான். அவர்கள் வீட்டில் கொம்பியூட்டர் இல்லை. படமெடுத்த போனும் நிறைந்துவிட்டதால் பழையவற்றை அழித்திருந்தாள்.

இரண்டு நாள் கழித்து வகுப்புக்கு வெளியே வந்து நின்றாள். "சேர், என்ட பென்ல ஒண்டும் இல்ல. எல்லாம் ஷோர்ட்கட்டா வருது. வாப்பா கடையில காட்டினாரு. அவங்க வைரஸ் என்டு ஃபோர்மட் பண்ணி, பாட்டும் படமும் போட்டுக் குடுத்திட்டாங்க."

சத்தமாக அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அன்று பின்நேரம் பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம் படிக்கும் என் ராத்தாவின் மகனைக் கூப்பிட்டேன். அவன் வந்து கொம்பியூட்டரைப் பார்த்துவிட்டுச் சொன்ன முதல் விஷயம் என் நெஞ்சில் குத்தியது. "மாமா, அந்தப் பிள்ளையின்ட ஃபைல் ஒண்டும் அழியல்ல. இந்த வைரஸ் அழிக்கிறதில்ல, மறைச்சு வைக்கும். ஃபோர்மட் பண்ணினதாலதான் போனது."

மறைந்திருந்த ஃபைல்களை 'அட்ரிப்' என்ற சின்னக் கட்டளை ஒன்றின் மூலம் வெளியே எடுக்கலாமாம். மற்ற ஆறு பேரின் பென் ட்ரைவ்களையும் வாங்கி, வைரஸைத் துப்புரவாக்கி, அந்தக் கட்டளையைக் கொடுத்தான். எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. ஐந்து நிமிட வேலை. அவளுடையதை மட்டும் மீட்பு மென்பொருள் போட்டு இரவு பதினொரு மணி வரை தோண்டினான். ஃபோர்மட் செய்ததோடு விட்டிருந்தால் பெரும்பாலானவை கிடைத்திருக்கும். மேலே பாட்டும் படமும் வந்து எழுதியதால் பாதிப் படங்கள்தான் வந்தன. முதல் மாதத்துப் படங்களில் ஒன்றுமே இல்லை. அந்த முதல் படத்தில் நின்ற இரண்டு தென்னைகளும் ஏற்கனவே கடலுக்குள் விழுந்துவிட்டன. மறுபடி போய் எடுக்கவும் முடியாது.

எங்கிருந்து வைரஸ் வந்தது என்று யாருக்கும் தெரியாது. கடையில் இருந்து வந்திருக்கும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். நான் பேசாமல் இருந்திருக்கலாம். அன்றிரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. அடுத்த நாள் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் சொன்னேன்: "உங்கட பென் ட்ரைவ்களுக்கு வைரஸ் வந்தது என்ட கொம்பியூட்டரில இருந்துதான். நான்தான் பாதுகாப்ப நிப்பாட்டி வச்சிருந்தேன்." வகுப்பு அமைதியாக இருந்தது. பிறகு அவளே, "பரவாயில்ல சேர், அளவெல்லாம் கொப்பியில இரிக்கு" என்றாள். நாடா பிடித்த அளவுகளை ஒவ்வொரு கிழமையும் திகதி போட்டுப் பேனையால் எழுதி வைத்திருந்தாள். அந்தக் கொப்பியை வைத்துத்தான், இரண்டு கிழமை பின்நேரங்களில் இருந்து அறிக்கையைத் திரும்பவும் அடித்து முடித்தோம்.

இனி, மருமகன் எனக்கு விளங்கப்படுத்தியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

அன்டிவைரஸ் ஏன் கொம்பியூட்டரை இழுக்கிறது? நாம் ஒரு ஃபைலைத் திறக்கும்போதெல்லாம் அது முதலில் வாங்கிப் பார்க்கும். வாசலில் நின்று பையைச் சோதிப்பது போல. விண்டோஸ் ஆரம்பிக்கும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்கள் திறபடுகின்றன. பழைய ஹாட் டிஸ்க்கில் ஒரு ஊசி அங்கும் இங்கும் ஓடித்தான் ஒவ்வொன்றையும் எடுக்க வேண்டும். சிதறிக் கிடக்கும் ஃபைல்கள் என்றால் செக்கனுக்குச் சுமார் 100 தடவைதான் அதனால் ஓட முடியும். அதோடு வைரஸ்களின் அடையாளப் பட்டியலும் ரெம்மில் இடம் பிடிக்கும். 2 ஜீபி போதாமல் போனால் விண்டோஸ் மிச்சத்தை அதே ஹாட் டிஸ்க்கில் கொண்டுபோய் வைக்கும். ஊசிக்கு இன்னும் ஓட்டம். இரண்டு அன்டிவைரஸ் என்றால் ஒரே பையை இரண்டு காவல்காரர் சோதிக்கிறார்கள், சில வேளை ஒருவரை ஒருவர் கள்வன் என்றும் பிடிக்கிறார்கள். அவன் டாஸ்க் மெனேஜரைத் திறந்து காட்டியபோது டிஸ்க் என்ற இடத்தில் 100 வீதம் என்று சிவந்து கிடந்தது. ஆக, நோய் டிஸ்க்கிலும் ரெம்மிலும். நான் விரட்டியதோ காவல்காரனை.

நாங்கள் செய்தவை இவைதான்:

1. விண்டோஸைப் புதிதாகப் போட்டோம். அதோடு வரும் டிஃபென்டரை மட்டும் வைத்துக்கொண்டோம். விண்டோஸ் 8 இலிருந்து இது கூடவே வருகிறது, காசில்லை. வேறு நல்லதொன்று விருப்பமென்றால் அதைப் போடலாம், ஆனால் ஒன்றே ஒன்று.

2. முழு ஸ்கேனை வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்துக்கு வைத்தோம். கொம்பியூட்டர் சும்மா இருக்கும் நேரம் அதுதான்.

3. கொம்பியூட்டரோடு சேர்ந்து தானாகத் தொடங்கும் தேவையில்லாத மென்பொருள்களை நிறுத்தினோம்.

4. கொஞ்சம் காசு சேர்ந்ததும் பழைய டிஸ்க்குக்குப் பதிலாக ஒரு சின்ன எஸ்.எஸ்.டி, பாவித்த 4 ஜீபி ரெம் ஒன்று. எஸ்.எஸ்.டியில் ஓடுவதற்கு ஊசியே இல்லை. இப்போது பிளேன்டீ ஆறுவதற்குள் கொம்பியூட்டர் தயார், அன்டிவைரஸும் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது.

ஆசிரியர்களுக்கு இன்னும் இரண்டு சொல். 'கிரேக்' பண்ணிய அன்டிவைரஸைக் கைமாற்றிக்கொள்ளாதீர்கள். கள்வனிடமே பூட்டு வாங்குவது போன்றது அது. பென் ட்ரைவில் எல்லாம் ஷோர்ட்கட்டாகத் தெரிந்தால் பதறி ஃபோர்மட் பண்ணவும் வேண்டாம், பண்ண விடவும் வேண்டாம். தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள், ஃபைல் அநேகமாக உள்ளேதான் இருக்கும். முக்கியமான எதையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள்.

விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. இந்தப் பெட்டியில் விண்டோஸ் 11 போட முடியாது. ஆகவே அடுத்து என்ன செய்வது என்று மருமகனோடு கதைத்துக்கொண்டிருக்கிறேன். இந்த முறை வீடியோ பார்த்து முடிவெடுக்கமாட்டேன்.

அந்தப் பிள்ளையின் அறிக்கை என் மேசை லாச்சியில் இருக்கிறது. முதல் பக்கத்தில் படம் இருக்க வேண்டிய இடத்தில் அவள் பென்சிலால் வரைந்த இரண்டு தென்னைகளும் ஒரு வாடிச் சுவரும் இருக்கின்றன. வினாத்தாள் எடுக்க லாச்சியைத் திறக்கும்போதெல்லாம் அது கண்ணில் படும். வேண்டுமென்றுதான் அதை மேலே வைத்திருக்கிறேன்.