தம்பி வாங்கிய வண்டி

'வீட்டைக் கட்டிப் பார், கலியாணம் பண்ணிப் பார்' என்பது நம் முன்னோர் வாக்கு. இக்காலத்தில் அவ்விரண்டோடு, 'வண்டி வாங்கிப் பார்' என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். வீடும் கலியாணமும் ஒரு குடும்பத்தின் பொறுமையைச் சோதிக்கின்றன. வண்டியோ பொறுமையுடன் கணக்கையும் சோதிக்கின்றது. 2025ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் எங்கள் குடும்பம் அச்சோதனைக்கு உட்பட்டது. தோட்டப்புறங்களில் பல குடும்பங்கள் இன்று இதே கேள்வியின் முன் நிற்பதால், எங்கள் அனுபவத்தை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களும் சேர்ந்ததே சப்பிரகமுவ மாகாணம். தேயிலையும் இறப்பரும் விளையும் இம்மண்ணில் விளைச்சலைவிடப் பெரிய பிரச்சினை, விளைந்ததை வெளியே கொண்டுசெல்வதே. 1820களில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் கொழும்பு - கண்டி வீதி அமைக்கப்பட்ட பின், கோப்பி மூட்டைகளை மாட்டு வண்டிகள் சுமந்தன. அவ்வண்டிக்காரர் அஞ்சியவை இரண்டு: ஒன்று கடுகண்ணாவைச் சரிவு, மற்றொன்று 1864இல் தூக்கிலிடப்பட்ட உத்துவன்கந்தைச் சரதியேல் என்னும் கொள்ளைக்காரன். 1867இல் கண்டிக்கு ரயில் வந்தது. களனிப் பள்ளத்தாக்கின் குறுகிய ரயில்பாதை 1902இல் அவிசாவளையையும், 1912இல் இரத்தினபுரியையும், பின்னர் ஓபநாயக்கவையும் எட்டியது. அவிசாவளைக்கு அப்பாற்பட்ட பகுதி 1970களில் கைவிடப்பட்டது. அதன் பின்னர் இரத்தினபுரி மலைகளில் விளையும் ஒவ்வொரு கொழுந்தும் டயர்களின்மீதே பயணம் செய்கின்றது.

என் தம்பி இறக்குவானைப் பகுதியில் சிறுதோட்டக்காரர்களிடம் கொழுந்து சேகரித்துத் தொழிற்சாலைக்குக் கொடுப்பவன். கொழுந்து மிக மென்மையான பொருள். இறுக்கி அமுக்கினால் சூடேறிச் சிவந்துவிடும். தாமதித்தால் தரம் கெடும். ஒரு கிலோ தேயிலைத்தூளுக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். ஆகவே, கொழுந்து வியாபாரியின் இலாபமும் நட்டமும் நேரத்தையும் வண்டியையும் பொறுத்தே அமைகின்றன. பல ஆண்டுகளாக அவன் வாடகை வண்டியையே நம்பியிருந்தான். 2022ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது, வாடகை வண்டி இரண்டு நாள் எரிபொருள் வரிசையில் நிற்க, மடுவத்தில் கொழுந்து மூட்டைகள் கிடந்து கெட்டதை அவன் கண்ணால் கண்டான். அன்றே, 'சொந்த வண்டி இல்லாதவனுக்குச் சொந்தத் தொழில் இல்லை' என்ற முடிவுக்கு வந்துவிட்டான்.

முடிவில் தவறில்லை. அவன் விரும்பிய வண்டியிலேதான் சிக்கல் இருந்தது. அமெரிக்காவில் பெரிய பிக்கப் வண்டிகள் வீடு போன்ற நீண்ட இழுவைப்பெட்டிகளை இழுத்துச் செல்வதைக் கைத்தொலைபேசியில் பார்த்திருக்கின்றான். அவற்றை இணைக்கும் முறைக்கு 'ஐந்தாம் சில்லு' என்று பெயர். முற்காலக் குதிரை வண்டிகளில், முன் அச்சு இடமும் வலமும் திரும்புவதற்காகக் கிடையாகப் பொருத்தப்பட்ட வட்டமே அப்பெயருக்கு மூலம். இன்று கொழும்புத் துறைமுகத்தில் கொள்கலன்களை இழுக்கும் வண்டிகளின் முதுகில் நாம் காணும் வட்டத்தட்டும் அதுவே. சாதாரண இழுவைப்பெட்டி வண்டியின் வாலைப் பிடித்துக்கொண்டு வரும். ஐந்தாம் சில்லுப் பெட்டியோ வண்டியின் பின் அச்சுக்கு மேலேயே அமர்ந்து வரும். அதனால் ஆட்டம் குறைவு; பெரும் பாரத்தையும் நிதானமாக இழுக்கலாம். பெரிய பிக்கப் ஒன்றை வாங்கி, இத்தகைய பெட்டி ஒன்றைக் கராஜில் செய்வித்து, ஒரே பயணத்தில் முழுக் கொழுந்தையும் இறக்கிவிடலாம் என்பது தம்பியின் திட்டம்.

பணம் எங்கிருந்து வரும்? 2020ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அதுவரை பழைய வண்டிகள் புதிய வண்டியின் விலைக்கு விற்றன. அனுமதி வந்த பின்னரும் வரிச்சுமையால் விலை இறங்கவில்லை. நாற்பது ஆண்டுகள் தோட்டத்தில் உழைத்த அப்பாவின் ஊழியர் சேமலாப நிதிப் பணம் முற்பணமாகும், எஞ்சியது லீசிங், பிணைக் கையெழுத்து என்னுடையது. இதுவே அவன் கணக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் அமர்ந்து பேசினோம். முதலில் வாய் திறந்தவர் அப்பா. அவருடைய தகப்பனார் தோட்டத்து மாட்டு வண்டிக்காரர். "வண்டிக்குப் பாரம் ஏத்துறது ஒரு வித்தை தம்பி. பாரம் முன்னால சாஞ்சா மாட்டுக் கழுத்து புண்ணாகும். பின்னால சாஞ்சா நுகம் மேல தூக்கும். மாடு கால் ஊன்ற முடியாது. நுகத்துல கொஞ்சம் பாரம் இருக்கணும், கூடவும் கூடாது, குறையவும் கூடாது" என்றார். நான் பௌதிகவியல் கற்பிப்பவன். இழுவைப்பெட்டிகளைப் பற்றிய நூல்கள் பல பக்கங்களில் விளக்குவதை அவர் நான்கு வாக்கியங்களில் சொல்லி முடித்ததைக் கேட்டு வியந்தேன். சாதாரண இழுவைப்பெட்டியின் மொத்த எடையில் பத்து முதல் பதினைந்து வீதம் வரை இணைப்பின்மேல் அமர வேண்டும். ஐந்தாம் சில்லுப் பெட்டியில் அது பதினைந்து முதல் இருபத்தைந்து வீதம் வரை ஆகும். மயிலிறகே ஆயினும் அளவு மிஞ்சி ஏற்றினால் அச்சு முறியும் என்ற உண்மையை வள்ளுவர் 'வலியறிதல்' அதிகாரத்திலே வைத்தார். அங்கே அது அரசனுக்குச் சொல்லப்பட்டது. இங்கே பிக்கப் வாங்குபவனுக்கும் பொருந்துகின்றது.

பின்பு காகிதம் எடுத்துக் கணக்கிட்டோம். நம் நாட்டில் சாதாரணமாகக் கிடைக்கும் பிக்கப் ஏறக்குறைய 1000 கிலோ சுமக்கும். ஓட்டுநரும் உதவியாளரும் 140 கிலோ. தம்பி விரும்பிய பெட்டி பாரத்துடன் 2000 கிலோ. அதில் வெறும் பெட்டி 700 கிலோ, கொழுந்து 1300 கிலோ. இருபது வீதம் என்று கொண்டால், பிக்கப்பின் முதுகில் 400 கிலோ அமரும். சரி, இன்னும் 460 கிலோ ஏற்றலாமே என்றால், ஏற்ற இடம் எங்கே? வட்டத்தட்டும் பெட்டியின் கழுத்தும் பிக்கப்பின் பின்தட்டை முழுவதும் அடைத்துக்கொள்ளும். ஆக, மொத்தக் கொழுந்து 1300 கிலோவே.

இனி மற்றொரு கணக்கு. அதே பிக்கப்பின் வாலில், பாரத்துடன் 600 கிலோவைத் தாண்டாத சிறு பெட்டியைப் பூட்டுவோம். இணைப்பின்மேல் 60 கிலோ. ஆட்கள் 140 கிலோ. எஞ்சிய 800 கிலோவும் பின்தட்டில் கொழுந்து. வெறும் பெட்டி 200 கிலோ போக, அதற்குள் 400 கிலோ. மொத்தம் 1200 கிலோ! கூடுதலான 100 கிலோவுக்காக இருமடங்கு கடன்படுவதா என்று கேட்டேன். தம்பி காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஏற்றத்தைவிட இறக்கமே பெரிது என்பதையும் கணக்கிட்டுப் பார்த்தோம். பத்துக்கு ஒன்று என்ற சரிவில், வண்டியின் ஒவ்வொரு தொன்னும் ஏறக்குறைய 100 கிலோ பாரத்துக்குச் சமமான விசையோடு கீழ்நோக்கி இழுக்கும். பிக்கப்பும் பெரிய பெட்டியுமாக நான்கு தொன் பாரம் 300 மீற்றர் உயரத்திலிருந்து இறங்கினால் வெளிப்படும் சக்தி, 39 லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. இயந்திரம் தாழ்ந்த கியரில் நின்று அதில் ஒரு பங்கை ஏற்காவிட்டால், அவ்வெப்பம் முழுவதையும் பிரேக்குகளே தாங்க வேண்டும். தாங்க மாட்டாத பிரேக் மிதித்தாலும் பிடிக்காது. இதனாலேயே ஐரோப்பிய நாடுகளிலும் ஆஸ்திரேலியாவிலும் 750 கிலோவுக்கு மேற்பட்ட இழுவைப்பெட்டிக்குத் தனிப் பிரேக் இருத்தல் வேண்டும் என்று விதித்துள்ளனர். சமவெளி வீதிக்கே அவ்விதி என்றால், இறக்குவானை மலையின் கொண்டையூசி வளைவுகளுக்கு எத்தகைய எச்சரிக்கை வேண்டும்!

இதுவரை பேசாதிருந்த அம்மா, "அதுல ஆளுங்களையும் ஏத்துவியா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். வீடு அமைதியாயிற்று. எனக்குப் பன்னிரண்டு வயதாயிருந்தபோது, அயல்தோட்டம் ஒன்றிலிருந்து திருவிழாவுக்கு ஆட்களை ஏற்றிவந்த உழவு இயந்திரத்தின் பெட்டி, இணைப்பு ஊசி கழன்று பள்ளத்தில் உருண்டது. காப்புச் சங்கிலி இருந்திருந்தால் பெட்டி அறுந்து போயிருக்காது. இறந்த இரு பெண்களுள் ஒருவர், அம்மாவோடு ஒரே நிரையில் கொழுந்தெடுத்தவர். அம்மா அதன்பின் அக்கோயில் திருவிழாவுக்கு நடந்தே சென்றார்.

தம்பிக்குக் கோபம் வந்தது. "அண்ணே, இருநூறு வருசமா நாம தலையிலயும் முதுகிலயும் மத்தவங்க பாரத்தைச் சுமந்தோம். இப்ப நானா ஒரு பெரிய வண்டி வாங்க நினைச்சா, நம்ம வீட்லயே சின்னதா வாங்கு, சின்னதா வாங்குன்னு சொல்றீங்க. எப்பவுமே நமக்குச் சின்னதுதானா?" என்று கேட்டான்.

அக்கேள்வி என் நெஞ்சில் தைத்தது. மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்து இருநூறு ஆண்டுகள் ஆனதை 2023இல் நினைவுகூர்ந்தோம். பெயருக்கு ஒரு பேர்ச் காணியும் இல்லாமல் லயத்தில் பிறந்தவனுக்கு, தன் பெயரில் பதிவான ஒரு பெரிய வண்டி வெறும் வாகனம் அன்று. 'நானும் ஒருவன்' என்பதற்கான அத்தாட்சி. அந்த ஆசையை எள்ளி நகையாடும் உரிமை எவருக்கும் இல்லை. ஆயினும், அவனிடம் ஒன்று சொன்னேன்: "தவணைப் பணம் கட்டி முடியும்வரை அந்த வண்டி உன்னுடையது அன்று. பெரிய வண்டியை வாங்கி மூன்று தவணை தவறினால், கடன் கொடுத்தவன் அதைக் கொண்டுபோய்விடுவான். அப்பாவின் நாற்பது ஆண்டு உழைப்பும் அதனோடு போகும். சின்ன வண்டி மூன்றே ஆண்டில் முழுமையாக உன்னுடையது ஆகும். எது பெரிது?"

தவணையைப் பற்றி ஒரு விதியையும் வகுத்துக்கொண்டோம். கொழுந்து நிறைந்த மாதத்து வருமானத்தைக் கொண்டு தவணையைத் தீர்மானிக்கலாகாது. மிகக் குறைந்த மாதத்து வருமானத்தாலும் கட்டக்கூடியதாக அது இருத்தல் வேண்டும். 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்தபோது விளைச்சல் எவ்வாறு வீழ்ந்தது என்பதைத் தோட்டக்காரர் எவரும் மறக்கவில்லை. விளைச்சல் வீழ்ந்தாலும் தவணை நாள் வீழ்வதில்லை.

இரண்டு வாரம் தம்பி என்னோடு பேசவில்லை. மூன்றாம் வாரம் வந்து, பழைய ஒற்றைக் கெப் பிக்கப் ஒன்றைப் பார்த்திருப்பதாகச் சொன்னான். நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரை அழைத்துச் சென்று, சட்டத்தில் துருவும் வெடிப்பும் உண்டா என்று கீழே படுத்துப் பார்க்கச் செய்தோம். பாரம் ஏற்றி மலையில் ஓட்டிப் பார்த்தோம். பதிவுப் புத்தகத்தையும், அதன்மீது வேறு கடன் இல்லை என்பதையும் உறுதி செய்தோம். சிறு பெட்டிக்கும் தனிப் பிரேக்கும் இரட்டைக் காப்புச் சங்கிலியும் பூட்டுவித்தோம். அப்பாவின் பணத்தில் பாதி வங்கியிலேயே இருக்கின்றது. நான் பிணைக் கையெழுத்திட்டேன். என் ஒரே நிபந்தனை, பெட்டியில் ஆள் ஏற்றலாகாது என்பதே.

அந்த நிபந்தனை காகிதத்தில் எளிது, தோட்டத்தில் கடினம். வண்டி வந்த மாதமே ஒரு மரண வீடு. "சுடுகாட்டுக்கு ஆளுங்களக் கொண்டுபோக உன் பெட்டியக் குடு" என்று உறவினர் கேட்டனர். தம்பி மறுத்தான், முதியவர்களைத் தன் அருகே அமர்த்தி, மூன்று முறை போய் வந்தான். "வண்டி வந்ததும் தலைக்கனமும் வந்திருச்சு" என்று சிலர் பேசினர். அதைக் கேட்டுக்கொண்டு அம்மா ஒன்றும் சொல்லாமல் அவனுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். எனக்கு அதுவே பெரும் பட்டமளிப்பாகத் தோன்றியது. பின்னர் ஒரு நள்ளிரவில் பிரசவ வேதனைப்பட்ட பெண்ணொருத்தியை அதே வண்டியின் முன் ஆசனத்தில் அமர்த்தி, பெட்டியைக் கழற்றிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசென்றான். பேசியவர்களின் வாய் அதன் பின்னரே அடங்கியது.

மாணவர்களுக்கு ஒரு சொல். நெம்புகோலும் சாய்தளமும் சக்தி மாற்றமும் பரீட்சைக்காக மட்டும் படிக்கப்படுபவை அல்ல. உங்கள் வீட்டில் ஒருவர் வண்டி வாங்கும் நாளில் அவை ஓர் உயிரையும் ஒரு குடும்பத்தின் சேமிப்பையும் காக்கக்கூடும். பெற்றோருக்கும் ஒரு சொல். வண்டி எவ்வளவு இழுக்கும் என்று விற்பவன் சொல்வான். எவ்வளவு நிறுத்தும் என்று நாம்தான் கேட்க வேண்டும். அக்கேள்வி வண்டிக்கு மட்டுமன்றி, அதனோடு வரும் கடனுக்கும் உரியது.