போர்டு இல்லாத குழம்பு

பிரான்சின் தென்மேற்கில கஸ்தெல்நோதரின்னு ஒரு ஊர். வெள்ளை அவரைக்கொட்டை, வாத்து, பன்றியிறைச்சி எல்லாம் மண்சட்டியில மணிக்கணக்கா வேகும். சட்டியோட பேரில இருந்துதான் சாப்பாட்டுப் பேரும் வந்தது: கசூலே. குடியானவர்கள் சாப்பாடு, இன்றைக்கு ஊரின் பெருமை.

புசல்லாவையில நம்ம அவரைக்கொட்டைக் குழம்பு எங்க கிடைக்கும்? கம்பளை-நுவரெலியா ரோட்டுக் கடைகள்ல கொத்து, ஃப்ரைட் ரைஸ்தான் கண்ணில படுது. குழம்பு லயத்துக் காம்பராவில கொதிக்குது. விடியமுன்னமே அம்மா அடுப்பில ஏத்தி, ரொட்டியோட கட்டிக்கிட்டுக் கொழுந்தெடுக்கப் போவார்.

கொழும்புக்கு வேலைக்குப் போன எங்க செட்டில பலருக்கு அதை வைக்கத் தெரியாது. இது ஏழைச் சாப்பாடுன்னு வெட்கப்பட்டே கடைக்குக் கொண்டுவராம விட்டுட்டோம். வெட்கம் போகணும்னா, முதல்ல யாராவது கடை போர்டில அந்தப் பேரை எழுதணும்.