அழிக்குமுன் எழுதுக!

மறதி மனிதருக்கு மட்டுமே உரியது என்று எண்ணியிருந்தோம். பொறிகளுக்கும் மறதி உண்டு என்பதை இவ்வாண்டு கணித மன்றத்தில் அறிந்துகொண்டோம்.

எங்கள் தோழி ஒருத்தியின் தாத்தா நில அளவராகப் பணியாற்றியவர். சென்ற ஆண்டு இறைவனடி சேர்ந்தார். அவருடைய பழைய கால்குலேட்டரை அவள் மன்றத்திற்குக் கொண்டுவந்தாள். முக்கோண வயலின் மூன்று பக்கங்களைக் கொடுத்தால் பரப்பைச் சொல்லும்படி, தாத்தாவே அதில் கட்டளைகளைப் பதித்துவைத்திருந்தார். அவை வேறெங்கும் எழுதப்படவில்லை. கால்குலேட்டரோ கணக்கின் நடுவே நின்றுவிடும், எண்கள் மங்கும்.

1974இல் வந்த ஹெச்.பி.65 கால்குலேட்டர், அணைத்தவுடன் கட்டளைகளை மறந்துவிடும். அவற்றைச் சிறு காந்த அட்டையில் பதிந்து வைப்பார்கள். 1976இல் வந்த ஹெச்.பி.25சி அணைத்த பின்னும் மறப்பதில்லை. நினைவகத்துக்கு மிகச் சிறிதளவு மின்சாரம் ஓயாமல் செல்வதே அதன் இரகசியம். இவ்வகைக் கால்குலேட்டர்களில் பாட்டரியைக் கழற்றிச் சற்று நேரம் வைத்தால் நினைவு முழுவதும் அழிந்துவிடும்.

"புதுப் பாட்டரி போட்டுவிடலாமே, சிஸ்டர்" என்றோம். கணித ஆசிரியையான அருட்சகோதரி, "திருமழபாடிக்காரர்கள் செய்ததை முதலில் செய்யுங்கள்" என்றார்கள்.

எங்களில் இருவர் திருமழபாடியிலிருந்து வருபவர்கள். அவர்களுக்கும் விளங்கவில்லை. பிறகு சிஸ்டரே விளக்கினார்கள். கொள்ளிடக் கரையிலுள்ள அவ்வூர் வைத்தியநாதர் கோயில் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட, முதலாம் இராஜராஜன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டான். பிரிக்குமுன் சுவரிலிருந்த கல்வெட்டுகளையெல்லாம் புத்தகத்தில் படியெடுத்தார்கள். அவன் மகன் இராஜேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ கி.பி. 1026இல், அவற்றைப் புதிய சுவரில் மீண்டும் வெட்டினார்கள். அச்செய்தியும் அங்கே கல்வெட்டாகவே இருக்கிறது!

நாங்களும் படியெடுத்தோம். ஒருத்தி வாசிக்க, ஒருத்தி எழுத, மற்றொருத்தி சரிபார்த்தாள். இடையில் 40.47 என்றோர் எண் வந்தது. அது என்னவென்று திகைத்தோம். "ஒரு சென்ட் நிலம் 40.47 சதுர மீட்டர். தாத்தா விவசாயிகளுக்குச் சென்ட் கணக்கில்தான் சொல்லுவார்" என்றாள் தோழி. அவள் கண்கள் கலங்கின.

பின்னர் பாட்டரியைக் கழற்றினோம். தகடுகளில் வெண்பொடி பூத்திருந்தது. வினிகர் தொட்ட பஞ்சால் சிஸ்டர் அதைத் துடைத்தார்கள். நன்றாக உலர்ந்தபின் புதுப் பாட்டரி போட்டோம். எதிர்பார்த்தபடியே நினைவு காலி! நோட்டைப் பார்த்து ஒவ்வொரு கட்டளையாக மீண்டும் பதித்தோம்.

13, 14, 15 மீட்டர் பக்கங்களுள்ள முக்கோணத்தின் பரப்பு 84 சதுர மீட்டர் என்பது பாடத்தில் படித்ததுதான். அம்மூன்று எண்களையும் கொடுத்தோம். 2.08 சென்ட் என்று விடை வந்தது. கணக்கு சரி! தாத்தா சொன்னது போலவே இருந்தது என்றாள் தோழி.

அன்புத் தோழியரே! கருவிகள் உதவட்டும், ஆயினும் அவற்றை மட்டுமே நம்பியிராதீர்கள். நம் வீட்டுப் பெரியோர் அறிந்தவற்றையும் இன்றே கேட்டு எழுதிவைப்போம்.