புல எண் இல்லாத செய்தி

2024 ஜூன் 27 அன்று சட்டமன்றத்தில் 110-ஆம் விதியின் கீழ் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் ஓர் அறிவிப்பை வெளியிட்டார். ஓசூரில் 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளும் பன்னாட்டு விமான நிலையம் அமைக்கப்படும் என்றார். பாகலூர், பேரிகை, சூளகிரி என்று எங்கள் பக்கம் முழுக்க அதே பேச்சாகிவிட்டது. எந்த ஊர், எந்தப் புல எண் என்று அந்த அறிவிப்பில் ஒரு சொல்கூட இல்லை. ஆனால் பிறகு வக்கீலான என் மேசைக்கு வந்த ஒரு காகிதத்தில் புல எண்கள் வரிசையாக அச்சாகியிருந்தன.

அதைக் கொண்டுவந்தவர் சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கும் இளைஞர். சூளகிரி வட்டாரத்தில் அவருடைய தாயார் பெயரில் ரோஜாவும் தக்காளியும் விளையும் நிலம். தந்தை இல்லை. அந்த அம்மா வீட்டில் பேசுவது தெலுங்கு. பள்ளியில் படித்தது கன்னடம். தமிழ் நன்றாகப் பேசுவார், வாசிக்க வராது. எல்லைப் பகுதியில் இப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர். ஒரு தரகர் வாட்ஸ்அப்பில் வந்த 'அரசாணை'யைக் காட்டி, "சர்க்கார் எடுத்துக்கிட்டா அடிமாட்டு விலைதாம்மா கெடைக்கும். அதுக்குள்ள வித்துடுங்க" என்று சொல்லியிருக்கிறார். அக்கம்பக்கத்து விலையில் பாதிக்குக் கிரய ஒப்பந்தம் பதிவாகி, முன்பணமும் கைமாறிவிட்டது. அக்கம்பக்கத்தில் யாருக்கும் அப்படியோர் ஆணை வரவில்லை என்று தெரிந்ததும் அந்த அம்மா கிரயம் செய்ய மறுத்தார். வாங்க வந்தவர் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார்: கிரயம் செய்து கொடு, இல்லையேல் ஏற்றதை ஆற்றக் கோரி வழக்கு.

அந்த இளைஞர் கேட்ட கேள்வி ஒன்றுதான். "சார், இது நெஜமா பொய்யான்னு எங்க போய் கேக்கறது?"

நான் முதலில் பார்த்தது அந்தக் காகிதம் சொன்ன சட்டத்தை. 2013-ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டத்தின் 11-ஆம் பிரிவு என்று அதில் போட்டிருந்தது. அந்தப் பிரிவின் கீழ் முதல்நிலை அறிவிக்கை வந்தால் அது ஒளித்துவைக்கும் சங்கதி அல்ல. அரசிதழில் வர வேண்டும். அந்த வட்டாரத்தில் விற்பனையாகும் இரண்டு நாளிதழ்களில், அவற்றில் ஒன்று வட்டார மொழியில், வர வேண்டும். ஊராட்சி அலுவலகத்திலும், ஆட்சியர், கோட்டாட்சியர், வட்டாட்சியர் அலுவலகங்களிலும் உள்ளூர் மொழியில் வைக்க வேண்டும். அரசு இணையதளத்தில் ஏற்ற வேண்டும். தொழில் தேவைக்கு நிலம் எடுக்கத் தமிழ்நாட்டில் 1997-ஆம் ஆண்டுத் தனிச் சட்டமும் உண்டு. 2019-இல் பேரவை அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தது செல்லும் என்று 2021 ஜூன் 29-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழியில் போனாலும் நில உரிமையாளருக்கு விளக்கம் கேட்டு அறிவிப்பு வந்தாக வேண்டும். அரசிதழிலும் வெளியாக வேண்டும்.

ஊராட்சி அலுவலகப் பலகையில் எதுவும் இல்லை. கிராம நிர்வாக அலுவலருக்கும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் எந்தத் தகவலும் வரவில்லை. அரசிதழில் தேடினோம், இல்லை. அந்தக் காகிதத்தின் உடலிலும் குறை இருந்தது. தலைமைச் செயலக அரசாணை என்றால் மேலே முன் கடிதங்களின் பட்டியல் இருக்கும். கீழே 'ஆளுநரின் ஆணைப்படி' என்று செயலாளர் பெயரும், யார் யாருக்கு அனுப்பப்பட்டது என்ற பெறுநர் பட்டியலும் இருக்கும். இதில் கோபுரச் சின்னம் மட்டும் பளிச்சென்று இருந்தது.

வாய்வார்த்தையாக 'இல்லை' என்பது எனக்குப் போதாது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 6-ஆம் பிரிவில் மனு எழுதி, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, அந்த அம்மாவின் கையொப்பத்துடனேயே ஆட்சியர் அலுவலகத்துக்கு அனுப்பினோம். "விமான நிலையம் எங்கே வருகிறது?" என்று கேட்கவில்லை; அப்படிக் கேட்டால் பதிலும் பொதுப்படையாகவே வரும். "இன்ன கிராமம், இன்ன புல எண்ணைப் பொறுத்து, இன்ன சட்டத்தின் இன்ன பிரிவின் கீழ் அறிவிக்கை வெளியிடப்பட்டுள்ளதா? ஆம் எனில் சான்றிட்ட நகல் தருக" என்று கேட்டோம். சட்டம் தரும் 30 நாள் கெடுவுக்குள் எண்ணும் தேதியும் கையொப்பமுமாகப் பதில் வந்தது: அப்படி எதுவும் வெளியிடப்படவில்லை.

எதிர்த்தரப்பு வக்கீல் அனுபவசாலி. "விமான நிலையம் வருவது ஊரறிந்த சேதி. பேப்பரில் வந்ததைத்தான் அந்தத் தரகர் சொன்னார்" என்றார். பேப்பரில் வந்தது முதலமைச்சரின் அறிவிப்பு, அது உண்மை. புல எண் எந்தப் பேப்பரிலும் வரவில்லை. எழுதியவர் கூண்டேறிச் சாட்சி சொல்லாதவரை நாளிதழ்ச் செய்தி கேள்விச் சாட்சியமே என்று 1988-இலேயே லட்சுமி ராஜ் ஷெட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நாளிதழ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எந்த ஆவணத்தைத் தேட வேண்டும் என்று அதுதான் நமக்குக் காட்டித் தருகிறது. ஆவணத்தின் இடத்தில் அதை வைக்க முடியாது.

பிறகு 11-ஆம் பிரிவின் 4-ஆம் உட்பிரிவை எடுத்து வைத்தேன். முதல்நிலை அறிவிக்கை வெளியான நாளிலிருந்து அந்த நிலத்தில் ஆட்சியரின் விலக்கு இல்லாமல் எந்தப் பரிவர்த்தனையும் கூடாது. காகிதம் உண்மையானால் இந்த ஒப்பந்தமே போட்டிருக்கக் கூடாது. பொய்யானால், இந்திய ஒப்பந்தச் சட்டத்தின்படி ஏமாற்றிப் பெற்ற சம்மதம். அந்த அம்மா அதை ரத்து செய்யலாம். இரண்டில் எதைப் பிடித்தாலும் எதிர்த்தரப்புக்கு வழியில்லை. அடிமாட்டு விலை என்று தரகர் சொன்னதும் தவறு. 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இழப்பீட்டுக்கு மேல் நூறு விழுக்காடு ஆறுதல் தொகையும் உண்டு.

வழக்கு தாக்கலாகும் முன்பே லோக் அதாலத்தில் பேசி முடித்தோம். முன்பணம் திரும்பியது, ரத்துப் பத்திரம் பதிவானது. வில்லங்கச் சான்றில் அந்தப் பதிவைக் கண்ட பிறகுதான் மகனுக்கு நிம்மதி. போலிக் காகிதம் குறித்த புகார் தனியாகக் காவல் நிலையத்துக்குப் போனது.

இந்த விவகாரத்துக்குப் பிறகு நான் எல்லாக் கட்சிக்காரர்களிடமும் வற்புறுத்தும் ஒன்று உண்டு. அரசைப் பற்றிய ஒரு செய்தி வந்தால், அது எந்தப் படியில் நிற்கிறது என்று பாருங்கள். பேரவை அறிவிப்பு அரசின் எண்ணத்தைச் சொல்கிறது. அரசாணை நிர்வாகத்தின் முடிவைச் சொல்கிறது. அரசிதழ் அறிவிக்கைதான் உங்கள் பட்டாவைத் தொடுகிறது. நடுவில் இன்னொரு அரசின் கையும் இருக்கலாம். பெங்களூரு விமான நிலையத்துக்காக மத்திய அரசு செய்துகொண்ட ஒப்பந்தத்தில், அது திறந்து 25 ஆண்டுகள் ஆகும்வரை, அதாவது 2033 வரை, மைசூரு, ஹாசன் தவிர 150 கிலோமீட்டருக்குள் வேறொரு பன்னாட்டு விமான நிலையத்துக்கு இடம் இல்லை. ஓசூர் அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது. இதைச் சொல்லாமல் நிலம் விற்பவரும் வாங்குபவரும் பாதிச் செய்தியோடு பேரம் பேசுகிறார்கள்.

ஆனால் எல்லாப் பாரத்தையும் அந்த அம்மாவின் தலையில் ஏற்றுவது நியாயமில்லை. அறிவிப்புக்கும் அறிவிக்கைக்கும் நடுவே மாதங்கள், சில நேரம் ஆண்டுகள் கழிகின்றன. அந்த இடைவெளியில் அரசு வாய்திறக்காவிட்டால் தரகர் பேசுவார். தகவல் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, மக்களைப் பாதிக்கும் முடிவை அறிவிக்கும்போதே தொடர்புடைய விவரம் அனைத்தையும் யாரும் கேட்காமலே வெளியிடச் சொல்கிறது. உள்ளூர் மொழியைக் கருத்தில் கொள்ளவும் சொல்கிறது. "இன்றுவரை இந்தக் கிராமத்தில் எந்தப் புல எண்ணுக்கும் அறிவிக்கை இல்லை" என்ற ஒரு வரியைத் தேதி போட்டு, தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் ஊராட்சிப் பலகையில் மாதந்தோறும் ஒட்டினால் போதும். சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. அதை அந்தப் பலகை வரை கொண்டுசெல்வது மாவட்ட நிர்வாகத்தின் கடமை. கேட்டு வாங்குவது கிராம சபையின் உரிமை.