தாழ்ந்த சுருதிக்கு ஏற்ற கிட்டார்

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் வளரும் பிள்ளைகளுக்கு உருமிச் சத்தம் புதிதல்ல. தோலின் மேல் வளைந்த குச்சியைத் தேய்க்கும்போது எழும் அந்த உறுமலைத் திருவிழாக்களில் கேட்டே வளர்கிறார்கள். அதனால் சுங்கை பாலாஸ் பக்கம் வசிக்கும் என் அக்கா மகன், "மாமா, அந்த மாதிரி ஒரு உறுமல் எனக்குக் கிட்டார்ல வரணும்" என்றபோது எனக்கு வியப்பில்லை. விலையைக் கேட்டுத்தான் திகைத்தேன். ஈப்போ கடையொன்றில் அவன் பார்த்து வைத்திருந்தது ஏழு தந்தி எலக்ட்ரிக் கிட்டார். 2,600 வெள்ளி!

நம் நாட்டில் குறைந்தபட்ச மாதச் சம்பளமே 1,700 வெள்ளி. அக்கா கொழுந்து பறிக்கிறார். பையன் காய்கறித் தோட்டத்தில் லாரிக்கு மூட்டை ஏற்றுகிறான். "ஒரு வருஷம் சேர்த்த காசு. ஆசை தீர்ந்து மூலையில போட்டுட்டா என்ன செய்யறது?" என்று அக்கா கேட்டதில் நியாயம் இருந்தது. கனமான ராக் இசைமீது அவன் வைத்திருந்த ஆசையிலும் நியாயம் இருந்தது.

இந்த இசைக்குத் தாழ்ந்த சுருதியைத் தந்தவர்களில் முக்கியமானவர் ஒரு தொழிலாளி. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் தகரப் பட்டறையில் வேலை செய்த டோனி ஐயோமி, 17 வயதில் இயந்திரத்தில் சிக்கி வலக்கையின் இரு விரல் நுனிகளை இழந்தார். இடக்கைக்காரரான அவர் தந்தியை அழுத்துவது அந்தக் கையால்தான். உருக்கிய பிளாஸ்டிக்கில் விரலுறை செய்துகொண்டார். மெல்லிய தந்திகளைப் போட்டார். பிறகு சுருதியையும் இறக்கித் தந்திகளைத் தளர்த்தினார். பிளாக் சப்பாத் குழுவின் 1971ஆம் ஆண்டு இசைத்தட்டில் அந்தக் கனத்த ஒலியைக் கேட்கலாம். ஏழாவது தந்தி இல்லாமலே வந்த ஒலி அது.

கல்யாண இசைக்குழுக்களில் இருபது ஆண்டுகளாகக் கிட்டார் வாசிக்கும் அனுபவத்தில் அவனுக்கு நான் சொன்னவை இவை.

முதலில் நீளம். தலைப்பக்க நட்டிலிருந்து 12ஆவது ஃபிரெட் வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். 24.75 அங்குலம், 25.5 அங்குலம் ஆகியவை வழக்கமான அளவுகள். தாழ்ந்த சுருதிக்கு 25.5 மேல். 27 அங்குல பாரிட்டோன் கிடைத்தால், அதே தந்தியில் இறுக்கம் சுமார் 12 விழுக்காடு கூடும்.

அடுத்தது தந்தி. தடித்த ஈ தந்தியை சி வரை இறக்கினால் அதன் இறுக்கம் 37 விழுக்காடு குறையும். தந்தி தொளதொளத்து ஃபிரெட்டில் மோதும். 46 தடிமனுக்குப் பதில் 56 போட்டால், இழந்த இறுக்கத்தில் பெரும்பகுதி திரும்பிவிடும். அதற்கேற்ப நட்டின் பள்ளத்தை அராவ வேண்டும், கழுத்தின் உள்ளிருக்கும் இரும்புக் கம்பியைச் சரிசெய்ய வேண்டும். இதைத் தெரிந்தவரிடம் கொடுப்பது நல்லது.

மூன்றாவது, அசையாத பிரிட்ஜ். ஆடும் பிரிட்ஜில் ஒரு தந்தியின் சுருதியை மாற்றினால் மற்றவையும் கலையும். இரைச்சலைக் குறைக்கும் ஹம்பக்கர் பிக்கப்பும் இருந்தால் போதும்.

இதற்கெல்லாம் பெரிய விலை தேவையில்லை. இபனேஸ், ஸ்குவையர் ஆகியவற்றின் மலிவு வகைகள் பல, பக்கத்து இந்தோனேசியாவில்தான் செய்யப்படுகின்றன. பழையவையும் நிறையக் கிடைக்கின்றன. பழையதை வாங்கும்போது கழுத்து முறுக்கியிருக்கிறதா, ஃபிரெட்டுகள் தேய்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

அளவு நாடாவோடு இரண்டு ஞாயிற்றுக்கிழமை அலைந்தோம். 25.5 அங்குல ஆறு தந்தி கிட்டார் ஒன்று 700 வெள்ளிக்குக் கிடைத்தது. தடித்த தந்திக்கும் பழுதுபார்ப்பவர் கூலிக்கும் 130 வெள்ளி. சின்ன ஆம்ப்ளிஃபயர் 350 வெள்ளி. மொத்தம் 1,180.

மலைக்குளிரில் ஈரம் அதிகம். தந்தி சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்ததும் துணியால் துடைத்து உறையில் வைக்கச் சொல்லியிருக்கிறேன், வைக்கிறான். மீதிப் பணம் அக்காவிடம் பத்திரமாக இருக்கிறது. இரவு ஒன்பது மணிக்கு மேல் சத்தம் கேட்கக் கூடாது என்பது மட்டும் அவர் போட்ட நிபந்தனை.