எரிமலைச் சாம்பலே மூடாக்கு... லான்சரோத்தே தீவின் திராட்சைக் குழிகள்!

'கலர் போட்டோ எடுக்க வசதியிருந்தும் ஏன் கறுப்பு-வெள்ளையில் எடுக்கிறீர்கள்?' என்று வாசகர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். நிறம் இல்லாவிட்டால் நிலத்தின் மேடு பள்ளம், கல், காற்றின் தடம் எல்லாம் தெளிவாகத் தெரியும் என்பதுதான் வழக்கமாக நான் சொல்லும் பதில். அந்தப் பதில் எங்கே பொய்த்தது என்பதை லான்சரோத்தே தீவில் தெரிந்துகொண்டேன்.

ஆப்பிரிக்கக் கண்டத்தின் வடமேற்குக் கரைக்கு அப்பால், அட்லாண்டிக் கடலில் இருக்கின்றன கேனரி தீவுகள். ஸ்பெயின் நாட்டுக்குச் சொந்தமான அந்தத் தீவுக்கூட்டத்தில் ஒன்றுதான் லான்சரோத்தே. விமானத்திலிருந்து இறங்கியதும், 'இங்கே கலர் ஃபிலிம் போட்டாலும் கறுப்பு-வெள்ளைதான் வரும்' என்று தோன்றியது. கரி போன்ற தரை. அதன் மேல் சுண்ணாம்பு பூசிய வெள்ளை வீடுகள். வீடுகள் உயரக் கூடாது, சாலையோரம் விளம்பரப் பலகை கூடாது என்று போராடி இந்தத் தோற்றத்தைக் காப்பாற்றியவர், இதே தீவில் பிறந்த ஓவியர் சேசர் மன்ரிகே.

ஆறு வருட நெருப்பு!

1730-ம் ஆண்டு செப்டம்பர் 1-ம் தேதி இரவு இங்கே பூமி பிளந்தது. எரிமலை வெடிப்பு 1736 வரை விட்டு விட்டுத் தொடர்ந்தது. தீவின் ஏறத்தாழ கால் பங்கு நிலம் குழம்பாலும் சாம்பலாலும் மூடிப்போனது. யைசா என்ற ஊரின் பாதிரியார், எந்தெந்த ஊர் எப்போது அழிந்தது என்று நாள் குறித்து எழுதி வைத்தார். போனதெல்லாம் தானியம் விளைந்த நல்ல பூமி.

மிச்சமிருந்த விவசாயிகள் ஒன்றைக் கவனித்தார்கள். சாம்பல் மெலிதாக விழுந்த இடங்களில் பயிர் முன்பைவிட நன்றாக நின்றது. கனமாக விழுந்த இடத்திலோ வேர் மண்ணைத் தொடவே முடியவில்லை. அப்படியானால் மண் தட்டுப்படும்வரை தோண்ட வேண்டியதுதான் என்று இறங்கிவிட்டார்கள். அப்படி உருவானதுதான் 'லா ஹெரியா' பள்ளத்தாக்கு.

மலைச்சரிவு முழுக்கப் புனல் வடிவக் குழிகள். சில குழிகள் 3 மீட்டர் ஆழம்கூட இருக்கின்றன. அடியில் பெரும்பாலும் ஒரே ஒரு திராட்சைக் கொடி. குழியின் விளிம்பில், வடகிழக்குக் காற்று வரும் பக்கமாக மட்டும் பிறை வடிவில் கற்சுவர். சாந்து கிடையாது, கல்லின் மேல் கல் அடுக்கியதுதான். 'மால்வசியா' என்கிற வெள்ளைத் திராட்சை ரகம் இங்கே பிரபலம்.

ஆண்டுக்கு 150 மி.மீ மழைதான்!

தீவின் ஆண்டு மழை ஏறத்தாழ 150 மி.மீ. தமிழ்நாட்டின் சராசரி மழையில் ஆறில் ஒரு பங்கு. ஓடும் ஆறு ஒன்றுகூடக் கிடையாது. பிறகு கொடி எப்படி வாழ்கிறது?

சாம்பல் என்றதும் அடுப்புச் சாம்பலை நினைத்துவிடக் கூடாது. இது நுண்துளைகள் நிறைந்த எரிமலைச் சரளை. உள்ளூரில் 'பிகோன்' என்கிறார்கள். பெய்யும் மழை அதன் இடுக்குகள் வழியாக உடனே மண்ணுக்குள் இறங்கிவிடும். மண்ணின் ஈரம் மேலே ஏறி ஆவியாகப் போவதை அதே சரளை தடுத்துவிடும். கடற்காற்றின் ஈரமும் இரவில் பனியாக அதன் மேல் படிகிறது. ஒரு ஜாண் கிளறிப் பார்த்தேன். மேலே கை சுடுகிறது. கீழே மண் குளிர்ந்து ஈரமாக இருக்கிறது.

எரிமலைச் சரளை இயற்கையாக விழாத ஊர்களில், அதை வண்டியில் கொண்டுவந்து வயலில் பரப்பி வெங்காயம், சர்க்கரைவள்ளி, பயறு வகைகளைச் சாகுபடி செய்கிறார்கள். முன்பு உழவுக்கு ஒட்டகம் பூட்டியிருக்கிறார்கள். இப்போது அதே ஒட்டகங்கள் சுற்றுலாப் பயணிகளைச் சுமக்கின்றன.

வடக்கே குவாதிசா ஊரில் இன்னொரு விநோதம். சப்பாத்திக்கள்ளியை வரிசையாக நட்டு, அதில் மாவுப்பூச்சி மாதிரியான ஒரு பூச்சியை வளர்க்கிறார்கள். நசுக்கினால் ரத்தச் சிவப்பில் சாயம். செயற்கைச் சாயம் வரும்வரை இதுதான் தீவின் பெரிய வருமானம். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் சென்னையிலும் இதே பூச்சிக்காகக் கள்ளித்தோட்டம் போட்டுப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. உள்ளங்கையில் பூச்சியை நசுக்கிப் படம் எடுத்தேன். ஃபிலிமில் அது வெறும் கறுப்புக் கறை.

பாராட்டு வாங்கிய படம்

லா ஹெரியாவில் ஒரு மாலை, வெயில் சாயும் நேரத்தில் ஒரு குழியை எடுத்தேன். சுவரின் பிறை, அதன் நிழல், கச்சிதமான வட்டம். பயணத்திலேயே சிறந்த படம் என்று நினைத்தேன். பக்கத்துக் குழியில் களை பிடுங்கிக்கொண்டிருந்த பெரியவர் எழுந்து வந்து ஏதோ சொன்னார். வழிகாட்டி மொழிபெயர்த்தார்: "ஐயா, அந்தக் குழியில் கொடி செத்துப் பல வருஷம் ஆச்சு. எல்லாரும் அதைத்தான் படம் எடுக்கிறாங்க. உயிரோட இருக்கிறது இந்தப் பக்கம் இருக்கு."

எட்டிப் பார்த்தேன். அடியில் காய்ந்த தண்டு. காய்ந்ததும் பச்சையும் என் ஃபிலிமில் ஒரே சாம்பல் நிறமாகத்தான் விழும்; பார்ப்பவருக்கு வித்தியாசமே தெரியாது.

அவரிடம் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். இந்தக் குழிகளுக்குள் டிராக்டர் இறங்காது. கவாத்து, களை, அறுவடை எல்லாம் கையால்தான். காற்று தள்ளிவிடும் சரளையை அள்ளி வெளியே போட வேண்டும். சரிந்த சுவரைத் திரும்ப அடுக்க வேண்டும். ஒரு குழிக்கு ஒரு கொடி என்பதால் ஏக்கருக்கு மகசூலும் குறைவு. அவருடைய பிள்ளைகள் இருவரும் ஹோட்டல் வேலைக்குப் போய்விட்டார்கள். "எனக்கப்புறம் இதுவும் அந்தக் குழி மாதிரிதான்" என்றார். மறுநாள் காலை அவர் குழிக்குள் குனிந்து கவாத்துக் கத்தியோடு நிற்பதை எடுத்தேன். படம் சுமார்தான். ஆனால், இந்தக் கட்டுரையோடு அதைத்தான் அனுப்பியிருக்கிறேன்.

நம் நிலத்துக்கு என்ன?

'இதை நம் மானாவாரியில் செய்யலாமா?' என்று கேள்வி வரும் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆலைச் சாம்பலை வாங்கிப் பரப்பாதீர்கள். அது மாவு போன்ற நுண்தூள். எரிமலைச் சரளை செய்யும் வேலையைச் செய்யாது. எடுத்துக்கொள்ள வேண்டியது சாம்பலை அல்ல, மூடாக்கை. நம்மிடம் கரும்புத் தோகை, தென்னை மட்டை, கடலைத் தோல் இருக்கின்றன. மரக்கன்றுகளுக்குப் பள்ளமாகக் குழி எடுத்து, காற்று வரும் பக்கம் மட்டும் கல்லோ மண்ணோ அணைத்து, தண்டை ஒட்டாமல் மூடாக்குப் போடலாம். முதலில் நாலு கன்றுகளுக்குச் செய்யுங்கள். பக்கத்திலேயே நாலு கன்றுகளை மூடாக்கு இல்லாமல் விடுங்கள். கோடையில் இரண்டு இடத்திலும் ஒரு ஜாண் கிளறிப் பாருங்கள். ஈரம் எங்கே நிற்கிறது என்று உங்கள் கையே சொல்லிவிடும்.